ஒரு பங்கு வரவு, முந்நூறு பங்கு செலவு

சித்திரை வெயிலில் நடு மதியம் தோட்டத்துப் பூசணிக் கொடியைப் பார்த்தால், இலைகளெல்லாம் தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருப்போம். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். பதறிப்போய் இன்னொரு குடம் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஊற்றாவிட்டாலும் வெயில் தாழ்ந்ததும் அதே இலைகள் விறைப்பாக நிமிர்ந்துவிடும். வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை இழக்கிற வேகம் அந்தச் சில மணி நேரம் கூடுதலாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். விடியற்காலையிலும் இலை தொங்கினால்தான் மண்ணில் நீர் போதவில்லை என்று அர்த்தம்.

இலை எந்த வழியாக நீரை இழக்கிறது? மேல்தோல் வழியாக இல்லை. தோலின்மேல் கியூட்டிக்கிள் என்ற மெழுகுப் பூச்சு இருக்கிறது; அதைத் தாண்டி வெளியேறும் நீர் சொற்பம். இலை இழக்கும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியாகவே ஆவியாகிப் போகிறது.

இந்தத் துளைகளைப் பார்க்க ரியோ செடியைவிட வசதியானது கிடையாது. பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் பாத்தி ஓரமாக நட்டிருப்பார்களே, மேலே பச்சையும் அடியில் கத்தரிப்பூ நிறமுமாக வாள் போல நிற்கும் செடி, அதுதான். இலையை ஒடித்து அடிப்பக்கத் தோலை மெல்ல இழுத்தால் சவ்வு மாதிரி உரிந்து வரும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு அதில் பரப்பி, பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலே போதும். ஊதா நிற அறுகோணச் செல்கள் தளம் பாவினாற்போல நெருக்கமாக அடுக்கியிருக்கும். நடுநடுவே நிறமற்ற சில செல்கள் சூழ, சிறுநீரக வடிவில் இரண்டு பச்சைச் செல்கள் எதிரெதிராக ஒட்டியிருக்கும். இவைதான் காப்புச் செல்கள். தோலின் மற்ற செல்களில் இல்லாத பசுங்கணிகங்கள் இவற்றுக்குள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவுதான் துளை. தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு கெட்டியான உப்புக் கரைசலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், காப்புச் செல்கள் நீரை இழந்து துவண்டு, சில நிமிடங்களில் பிளவு ஒரு கோடாகச் சுருங்கும்.

பெரும்பாலான செடிகளில் இந்தத் துளை முழுக்கத் திறந்தாலும் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் நூறு முதல் முந்நூறு துளைகள் இருப்பது சாதாரணம். அத்தனையும் திறந்திருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு இலையின் பரப்பில் சில சதவீதம்தான்.

இவ்வளவு நீர் போகும் என்றால் செடி ஏன் துளையைத் திறக்க வேண்டும்? காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேறு வழியில்லை என்பதால்தான். அது வந்தால்தான் ஒளிச்சேர்க்கை. ஒளிச்சேர்க்கை நடந்தால்தான் மாவும் சர்க்கரையும் நாரும் கட்டையும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் உள்ளே விட்டு நீராவியைத் தடுக்கிற சவ்வு ஒன்று பரிணாமத்தில் எந்தச் செடிக்கும் வாய்க்கவில்லை. காற்று வரத் திறந்தால் நீரும் போகும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் செடிக்கு எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.042 சதவீதம். இலைக்குள் உள்ள காற்றறைகளில் அது சுமார் 0.03 சதவீதம். வாயுவை உள்ளே தள்ளுவது இந்த 0.012 சதவீத வித்தியாசம் மட்டுமே. நீராவியின் நிலை வேறு. இலையின் உட்புறச் செல்சுவர்கள் எப்போதும் நனைந்தே இருப்பதால் உள்ளே காற்று நீராவியால் நிறைந்திருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் அது சுமார் 4.2 சதவீதம். வெளியே ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் வெளிக்காற்றில் இருக்கும் நீராவி சுமார் 1.7 சதவீதம். வித்தியாசம் 2.5. அதாவது நீரை வெளியே தள்ளும் விசை, கார்பன் டை ஆக்சைடை உள்ளே தள்ளும் விசையைப் போல இருநூறு மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு நீர் மூலக்கூறு எடை குறைந்தது, காற்றில் 1.6 மடங்கு வேகமாகப் பரவும். பெருக்கினால் 330-ஐத் தாண்டுகிறது. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர, முந்நூறுக்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் வெளியே போகின்றன.

இதே கணக்கில் இலையின் வெப்பத்தை மட்டும் 35 டிகிரிக்கு உயர்த்துங்கள். உள்ளே நீராவி 5.6 சதவீதமாகிறது, வித்தியாசம் 3.9, விகிதம் 500-ஐத் தாண்டிவிடுகிறது. ஐந்து டிகிரியில் செலவு ஒன்றரை மடங்கு. ஒரே துளையின் வழியாக ஒரே அளவு கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்போது, காலை எட்டு மணிக்கு ஆகும் நீர்ச்செலவைவிட மதியம் ஒரு மணிக்கு ஆவது பல மடங்கு. அதனால்தான் வெயில் காலத்தில் பல மரங்களும் பயிர்களும் காலையில் திறந்து, நடு மதியம் துளைகளைச் சற்றே ஒடுக்கி, மாலையில் மறுபடி கொஞ்சம் திறக்கின்றன.

திறப்பதும் மூடுவதும் நரம்போ தசையோ இல்லாத இரண்டு செல்களின் வேலை. விடிந்ததும் சூரிய ஒளியிலுள்ள நீல நிறத்தைக் காப்புச் செல்லிலுள்ள ஒளியுணர் புரதங்கள் உணர்கின்றன. உடனே செல்லின் சவ்வில் உள்ள புரோட்டான் பம்புகள் இயங்கி ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. உள்ளே எதிர்மின்னூட்டம் கூடுகிறது. அதனால் ஈர்க்கப்பட்டு, சுற்றியுள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் அதற்கென உள்ள வாசல்கள் வழியாக உள்ளே வருகின்றன. கூடவே குளோரைடும், செல்லே தயாரிக்கும் மாலிக் அமிலமும் சேருகின்றன. உள்ளே கரைசல் கெட்டியாகிவிட்டதால் நீர் தானாக உள்ளே வரும், செல் உப்பும்.

உப்பினால் பிளவு அடைபடத்தானே வேண்டும்? இங்கேதான் செல்சுவரின் அமைப்பு வேலை செய்கிறது. செல்லுலோஸ் நார்கள் காப்புச் செல்லைச் சுற்றி வளையம் வளையமாக ஓடுகின்றன. அதனால் அது பருக்க முடியாது, நீளத்தான் முடியும். துளையை ஒட்டிய உள்சுவரோ தடிமனானது, எளிதில் நீளாது. ஒரு நீள பலூனின் ஒரு பக்கத்தில் மட்டும் செல்லோடேப்பை ஒட்டி ஊதினால் அது டேப் இருக்கும் பக்கமாக வளையும். இரண்டு பலூன்களை டேப் ஒட்டிய பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி இரு முனையிலும் கட்டி ஊதினால் நடுவில் இடைவெளி விழும். துளை திறப்பது இப்படித்தான். நெல், சோளம் போன்ற புல்லினப் பயிர்களில் காப்புச் செல்கள் உடற்பயிற்சி டம்பெல் வடிவில் இருக்கும். இருபுறமும் உள்ள துணைச் செல்களோடு அயனிகளைச் சட்டென்று மாற்றிக்கொள்வதால் அவை இன்னும் விரைவாகத் திறந்து மூடும்.

பொட்டாசியத்தின் பங்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் தெளிவாயிற்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை முதலில் காட்டினார்கள்; உலகம் கவனிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. பொட்டாஷ் குறைந்த மண்ணில் பயிர் வறட்சியைத் தாங்காது என்பதை விவசாயிகள் அனுபவத்தில் அறிவார்கள். துளைகள் நேரத்துக்கு மூடாமல் மந்தமாவது அதற்கு ஒரு காரணம். வறட்சிக் காலத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொல்லும் வேளாண் பரிந்துரைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

மூடச் சொல்லும் செய்திகள் பல திசைகளிலிருந்து வரும். இருட்டு ஒன்று. இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் சேர்வது இன்னொன்று. வறண்ட காற்று மூன்றாவது. எல்லாவற்றையும் மீறி ஓங்கி ஒலிப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். நீர்ப் பற்றாக்குறை வந்ததும் இது வேரிலும் இலையிலும் உருவாகிக் காப்புச் செல்லை எட்டுகிறது. செல்லுக்குள் கால்சியம் அளவு உயர்கிறது. எதிர்மின் அயனிகள் வெளியேறும் வாசல்கள் திறக்கின்றன. பின்னாலேயே பொட்டாசியமும் வெளியேற, நீரும் போய்விடுகிறது. செல் தளர்ந்து துளை அடைபடும்.

இந்த ஹார்மோனைத் தயாரிக்க முடியாத தக்காளி வகை ஒன்று உண்டு. ஃபிளாக்கா என்று பெயர். ஈர மண்ணில் நட்டு வைத்தாலும் அது வாடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதன் துளைகளுக்கு மூடத் தெரியாது. அப்சிசிக் அமிலத்தை இலைமேல் தெளித்தால் நிமிர்ந்துவிடும். இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. ஒரு செடியின் வேர்களை இரண்டாகப் பிரித்து, பாதியை ஈர மண்ணிலும் பாதியைக் காய்ந்த மண்ணிலும் வைத்தார்கள். ஈரப் பாதியிலிருந்து இலைக்குப் போதிய நீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் துளைகள் ஓரளவு மூடின. காய்ந்த பக்கத்து வேர் கொடுத்த எச்சரிக்கைக்கே இலை செவிசாய்த்துவிட்டது. ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் பாதி வேரை மட்டும் மாற்றி மாற்றி நனைக்கும் பாசனம் இதிலிருந்து பிறந்தது. நம் ஊரில் கரும்புக்கும் பருத்திக்கும் ஒரு சால் விட்டு ஒரு சாலில் தண்ணீர் கட்டுவதும் ஓரளவு இதே பலனைத் தருகிறது.

இலை இழக்கும் நீரைத் தராசு வைத்து அளந்த முன்னோடி இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். 1724 கோடையில் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டி வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்தார். சராசரியாக ஒரு பகலில் அது அரை கிலோவுக்கு மேல் எடை இழந்தது. உடல் பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் மனிதனைவிடப் பதினேழு மடங்கு வியர்க்கிறது என்று கணக்கிட்டார். 1727-ல் வந்த அவருடைய நூல் தாவர உடலியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. இந்தச் சோதனைக்குத் தொட்டியும் தராசும் பொறுமையுமே அவருக்குப் போதுமாயிருந்தன.

இலைப்பரப்பில் சில சதவீதமே உள்ள துளைகள் வழியாக இவ்வளவு நீர் எப்படிப் போகும் என்ற கேள்வி நெடுநாள் நின்றது. 1900-ல் பிரவுன், எஸ்கோம்ப் என்ற இருவர் விடை கண்டார்கள். சிறு துளை வழியே வாயு பரவும்போது அதன் அளவைத் தீர்மானிப்பது துளையின் பரப்பு அல்ல, விட்டம். துளையின் விளிம்பருகே வெளிவரும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் விசிறிப் போக இடமிருக்கிறது. ஒரு பெரிய ஓட்டையை நூறு சிறு ஓட்டைகளாகப் பிரித்தால் பரப்பு மாறாது, விளிம்பு கூடும். அதனால்தான் அந்தச் சில சதவீதத்திலிருந்து, முழு இலையின் அளவுள்ள திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதில் பாதி வரைகூட ஒரு இலையால் ஆவியாக்க முடிகிறது.

நீர்ச்செலவு முழுக்க நட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தகரக் கூரையின் நிழலைவிட வேப்பமரத்து நிழல் குளுமையாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். தகரம் சூடாகி அந்த வெப்பத்தை நம்மீது இறக்கும், வேப்பிலை நீரைச் செலவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வேரிலிருந்து நீரையும் உப்புகளையும் மேலே இழுப்பதும் இதே ஆவியாதல்தான். ஆனால் இந்த ஆதாயங்களுக்காகவே செடி நீரை இழக்கிறது என்று சில பாடநூல்கள் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. இழப்பு தவிர்க்க முடியாதது. அதிலும் சில நன்மை கிடைக்கிறது என்பதே சரி.

துளையை எங்கே வைப்பது என்பதிலும் செடிகள் பலவிதம். பெரும்பாலான மரங்களில் வெயில் படாத அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கும். நெல்லுக்கு இருபுறமும் உண்டு. வறண்டால் இலையையே சுருட்டி உட்புறத்தை மறைத்துக்கொள்ளும். அரளியில் துளைகள் அடிப்பக்கத்துக் குழிகளுக்குள் பதுங்கியிருக்கும். குழிக்குள் மயிர்கள் அடர்ந்து காற்றை அசையவிடாமல் வைத்திருக்கும். நீருக்குள்ளேயே கிடக்கும் வேலம்பாசிக்குத் துளை தேவையே இல்லை. அல்லிக்கும் தாமரைக்கும் மேற்பக்கத்தில் மட்டும்.

தாமரை இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்துக்கு நேர் மேலே, வெளிறிய சிறு வட்டம் ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்குள்ள துளைகள் மற்றவற்றைவிடப் பெரியவை. இலையின் பிற பகுதிகள் உள்ளிழுக்கும் காற்று, காம்பின் குழாய்கள் வழியாகச் சேற்றிலுள்ள கிழங்குவரை போய், வேறு குழாய்கள் வழியாகத் திரும்பி இந்த வட்டத்தில் வெளியேறுகிறது. வட்டத்தின்மேல் நீர் தேங்கியிருந்தால் சில நேரம் குமிழிகள் கிளம்புவது தெரியும். இந்தப் பெரிய துளைகள் திறந்து மூடித்தான் கிழங்குக்கான காற்றோட்டம் கட்டுப்படுகிறது.

இடத்தை மாற்றாமல் நேரத்தை மாற்றிக்கொண்டவை சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, பிரண்டை போன்றவை. பகல் முழுக்கத் துளையை மூடிவைத்து, காற்று குளிர்ந்த இரவில் திறக்கும். வரும் கார்பன் டை ஆக்சைடை அமிலமாக்கிச் சேமித்து, பகலில் மூடிய கதவுக்குள் அதை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்யும். நீர்ச்செலவு நெல்லுக்கு ஆவதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். விலையும் உண்டு: இவற்றில் பல மெதுவாகவே வளரும்.

இதன் முதல் தடயங்களில் ஒன்று கிடைத்தது தென்னிந்தியாவில்தான், அதுவும் நாக்கில். தரங்கம்பாடிக்கு மதப்பணிக்கு வந்து, பின்பு கம்பெனி அரசின் தாவரவியலாளராகி, 1819-ல் சென்னையில் இறந்தவர் பெஞ்சமின் ஹேய்ன். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் வீடுகளில் சொல்லும் ரணகள்ளி இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளித்தது; மதியம் சப்பென்றிருந்தது; மாலையில் லேசாகக் கசந்தது. இதை அவர் கடிதமாக எழுத, லண்டன் லின்னேயன் சங்கம் 1815-ல் அச்சிட்டது. இரவில் சேர்ந்த மாலிக் அமிலம் பகலில் செலவாவதையே அவர் ருசித்திருக்கிறார். காரணம் விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதே உத்தியைக் கையாள்வதுதான் நர்சரிகளில் ‘இரவில் ஆக்சிஜன் தரும் செடி’ என்று விற்கும் ஸ்னேக் பிளான்ட். இரவில் துளை திறப்பது உண்மை, கார்பன் டை ஆக்சைடை எடுப்பதும் உண்மை. ஆனால் ஆக்சிஜன் உருவாக ஒளி வேண்டும். இருட்டில் எந்தச் செடியாலும் அதைத் தயாரிக்க முடியாது. படுக்கையறையில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திறந்த துளை வழியாக வேண்டாத விருந்தாளிகளும் நுழைவார்கள். காப்பி இலையில் துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே. அங்கு விழும் துருநோய்ப் பூஞ்சையின் வித்து, ஈரத்தில் முளைத்து ஒரு துளையைத் தேடிப் பிடித்து உள்ளே போகும். இலைக்குள் வளர்ந்து, வேறு துளைகள் வழியாகவே ஆரஞ்சுப் பொடியாக வெளிவரும். 1869-ல் இலங்கையில் தென்பட்ட இந்த நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. மலைச்சரிவுகளில் தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போயிருந்த தொழிலாளர்களின் வாழ்க்கையும் தேயிலையோடு பிணைந்தது. இன்றும் ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பிக்குப் போர்டோ கலவை அடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும் என்பார்கள். மேலே மட்டும் நனைத்தால் மருந்து வீண். செடியும் சும்மா இருப்பதில்லை. சில பாக்டீரியாக்கள் இலையைத் தொட்டதுமே காப்புச் செல்கள் உணர்ந்து மூடிக்கொள்வதை 2006-ல் கண்டறிந்தார்கள். அந்தக் கதவை மறுபடி திறக்க வைக்கும் நச்சு ஒன்றைத் தயாரிக்கும் பாக்டீரியாவும் இருக்கிறது.

துளையை நாமே அடைத்து நீரை மிச்சப்படுத்தலாமே என்ற யோசனை பழையது. அடைத்தால் கார்பன் டை ஆக்சைடும் நிற்கும், பயிர் பட்டினி கிடக்கும். வெள்ளைக் களிமண்ணான கயோலினைக் கரைத்துத் தெளிப்பது இதைவிடப் புத்திசாலித்தனம்: வெயிலைத் திருப்பி அனுப்பி இலையைக் குளிர்வித்தால், மேலே போட்ட கணக்கின்படி நீராவியின் விசை தானாகக் குறையும்.

செடிகளும் நீண்ட காலத்தில் துளைகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்கின்றன. பிரிட்டனில் இயன் உட்வர்ட் என்பவர் கேம்பிரிட்ஜின் உலர்தாவரச் சேகரிப்பில் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்த எட்டு வகை மரங்களின் இலைகளில் துளைகளை எண்ணி 1987-ல் வெளியிட்டார். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து அடர்த்தி 40 சதவீதம் குறைந்திருந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிவிட்டதால் முன்னைவிடக் குறைந்த துளைகளே போதுமானதாகிவிட்டன.

இதையே நெல்லில் வேண்டுமென்று செய்து பார்த்திருக்கிறார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, துளை உருவாவதைத் தடுக்கும் நெல்லின் சொந்தப் புரதத்தையே அதிகம் சுரக்கும்படி ஐ.ஆர்.64 ரகத்தை மாற்றின. 2019-ல் வெளியான முடிவுகளின்படி, துளை குறைந்த நெல் குறைவான நீரைச் செலவிட்டது. வறட்சியோடு 40 டிகிரி வெப்பமும் சேர்ந்தபோது சாதாரண ஐ.ஆர்.64-ஐவிட அதிக நாள் தாங்கியது. துளை குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், இலை சூடாகும் என்ற பயம் இருந்தது. கடைசிவரை செலவிடக் கையில் நீர் மிச்சமிருந்ததே அங்கே கைகொடுத்தது.